உவர்க்கோரை நடவு: கீழ்ப் பட்டையும் மேல் பட்டையும் காய்கிறது, நடுப் பட்டை மட்டும் பிழைத்திருக்கிறது. காரணம் உப்பா?

கழிக்கரை (கேள்வி)

வணக்கம். பழைய மண்கரையை உடைத்து ஓதநீரைத் திரும்ப உள்ளே விட்ட ஒரு கழிமுக ஓரம், சுமார் 2,000 சதுர மீட்டர். அதில் ஜங்கஸ் க்ரௌஸி என்ற உவர்க்கோரையை நடுகிறோம். முதல் தவணையாக 600 நாற்றுகளை மூன்று பட்டைகளாக, 50 செ.மீ. இடைவெளியில் நட்டிருக்கிறோம். நான்கு மாதம் ஆகிறது.

கீழ்ப் பட்டையில் தாள்கள் நுனியிலிருந்து பழுத்து அடிவரை காய்ந்துவிட்டன. பிடுங்கினால் வேர் கறுப்பாக இருக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. நடுப் பட்டை பச்சையாக இருக்கிறது, ஆனால் நட்ட உயரத்திலேயே நிற்கிறது. மேல் பட்டையில் மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பாதிக்கு மேல் வைக்கோல் நிறமாகிவிட்டது.

வாய்க்கால் தண்ணீரை அளந்தால் லிட்டருக்கு 22 கிராம் உப்புதான். கடல்நீரே 35 கிராம். இதை இந்தக் கோரை தாங்கும்தானே? பிறகு ஏன் இப்படி?

நாற்றங்காலிலும் சிக்கல். தட்டில் விதையைத் தூவி, அரை செ.மீ. மண் மூடி, ஆரம்பத்திலிருந்தே உப்புக்குப் பழகட்டும் என்று கடல்நீரும் நல்ல தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். ஆறு வாரத்தில் தட்டுக்கு ஐந்தாறு முளைகூட வரவில்லை. விதை கெட்டதா, முறை தப்பா? மீதி நிலத்துக்கு எத்தனை நாற்று தேவைப்படும்? தூர் பிரித்து நட்டால் வேலை சீக்கிரம் முடியுமா?

உவர்மண்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தக் கோரை உப்பைத் தாங்கும் செடி, உப்பைக் கேட்கும் செடி இல்லை. நல்ல தண்ணீரில் வளர்த்தால்தான் அது அதிகமாக வளரும். உப்பு ஏற ஏற வளர்ச்சி குறையும், ஆனால் ஓர் அளவு வரை சாகாது. பிறகு ஏன் இயற்கையில் உவர்ச் சதுப்பில் மட்டும் கூட்டமாக நிற்கிறது? நல்ல தண்ணீர் இருக்கும் இடத்தில் சம்பும் நாணலும் அதை அமுக்கிவிடும். உப்பு அந்த எதிரிகளைத் தடுக்கிறது, கோரைக்குக் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மூன்று பட்டைகளையும் பாருங்கள்.

கீழ்ப் பட்டை உப்பினால் சாகவில்லை, மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது. ஜங்கஸ் தாளுக்குள் காற்று போகும் வழி இருக்கிறது. மேலே இருக்கும் காற்று அதன் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. ஒவ்வொரு ஓதத்திலும் தாள் நுனிவரை மூழ்கினாலோ, வற்றத்தில் தண்ணீர் வடியாமல் குட்டையாக நின்றாலோ வேருக்கு ஆக்சிஜன் போதாது. சேற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் கடல்நீரின் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். நீங்கள் சொல்லும் முட்டை நாற்றம் அதுதான். அது வேருக்கு விஷம்.

பட்டைக்கு ஒரு செடியை வேரோடு தோண்டி, மண்ணைக் கழுவிவிட்டுப் பாருங்கள். நல்ல செடியின் இளவேர் வெள்ளையாக இருக்கும், அதைச் சுற்றித் துருப்பிடித்த ஆணி மாதிரி ஆரஞ்சுப் பழுப்பாக ஒரு பூச்சு இருக்கும். வேரிலிருந்து கசியும் ஆக்சிஜன் சேற்றின் இரும்போடு சேர்ந்து உண்டாகும் படிவு அது. அழுக்கு என்று நினைக்க வேண்டாம், செடி மூச்சுவிடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்தத் துருநிறம் இல்லாமல் வேர் முழுக்கக் கறுத்து, விரலால் உருவினால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நின்றால் அந்தச் செடியைக் கைவிட்டுவிடலாம்.

மேல் பட்டையைக் கொன்றது உப்புதான், ஆனால் நீங்கள் அளந்த உப்பு இல்லை. வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அளந்து பயனில்லை, வேர் இருக்கும் மண்ணின் நீரை அளக்க வேண்டும். 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி எடுங்கள். முதலில் ஊறும் நீரை இறைத்துவிட்டு, மறுபடி ஊறுவதில் இரண்டு சொட்டு எடுத்து, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் விடுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஓதம் மட்டுமே எட்டும் மேட்டில், வந்த நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சேரும். இப்படித்தான் கடல்நீரைவிட அதிக உப்பு மண்ணில் ஏறுகிறது.

நாற்றுமேடை

விதையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விதை கெட்டிருக்க வேண்டியதில்லை. முளைக்கவிடாமல் செய்யும் இரண்டு காரியத்தை ஒன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

ஜங்கஸ் விதை அரை மி.மீ. அளவுதான், தூசி மாதிரி. அது முளைக்க வெளிச்சம் வேண்டும். அரை செ.மீ. மண் மூடினால் இருட்டிலேயே கிடக்கும், முளைத்தாலும் அவ்வளவு தூரம் ஏறி வர உள்ளே சேமிப்பு கிடையாது. அடுத்தது உப்பு. வளர்ந்த செடி தாங்கும் உப்பை முளைவிடும் விதை தாங்காது. பாதிக்குப் பாதி என்றால் லிட்டருக்கு 17 கிராமுக்கு மேல் வருகிறது. முளைப்புக் காலம் முழுக்க நல்ல தண்ணீர் மட்டும்தான். இயற்கையிலும் பெருமழை பெய்து மேல்மண் உப்பு கழுவப்பட்ட நாட்களில்தான் நாற்று தலைகாட்டும்.

அந்தத் தட்டுகளைக் கொட்டிவிடாதீர்கள். நல்ல தண்ணீரை மெல்லிய பூவாளியால் மூன்று நான்கு முறை ஊற்றி வடியவிடுங்கள். மேல்மண்ணை மெதுவாகச் சுரண்டிவிட்டு மூன்று வாரம் பாருங்கள். உப்பில் உறங்கிய விதையில் ஒரு பகுதி எழுந்து வர வாய்ப்பு உண்டு.

புதிதாக விதைப்பதற்கு: காய் பழுப்பாகி நுனி பிளக்கத் தொடங்கும்போது கதிரை வெட்டி, காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு ஒரு வாரம் காயவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பையைத் தட்டினாலே விதை அடியில் சேரும். சல்லடையில் தூசி நீக்குங்கள். தட்டில் 6 செ.மீ. உயரத்துக்கு மணலும் தேங்காய் நார்க்கழிவும் சமபங்கு போதும். நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீர் அலசிய பிறகே கலக்க வேண்டும். மேலே ஒரு மெல்லிய மணல் படலம் போட்டு நன்றாக நனைத்து, விதையைக் காய்ந்த மெல்லிய மணலில் கலந்து தூவுங்கள். ஒரு சதுர அடித் தட்டுக்கு ஒரு சிட்டிகைகூட அதிகம். பலகையால் மெல்ல அழுத்துங்கள், மூடாதீர்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டை 2 செ.மீ. தண்ணீரில் உட்காரவைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடுங்கள். கண்ணாடியோ தெளிந்த பாலிதீனோ மேலே போட்டு, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் பச்சை மயிர் மாதிரி எழும். இந்தக் கட்டத்தில் பெரிய எதிரி பாசி. மேல் மணல் படலம் போடச் சொன்னது அதற்காகத்தான். முளை வந்ததும் மூடியை எடுத்துவிட்டு, இரவில் தட்டைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைத்தால் பாசி கட்டுப்படும். 3 செ.மீ. உயரம் வந்ததும் ஒவ்வொன்றாகப் பிரிக்காதீர்கள், நான்கைந்து முளைகளை ஒரு கொத்தாக எடுத்து 5 செ.மீ. அகலம், 10 முதல் 12 செ.மீ. ஆழம் உள்ள குழாய்த்தொட்டிக்கு மாற்றுங்கள். ஆறு முதல் ஒன்பது மாதத்தில், தொட்டியைத் தட்டினால் வேர்க்கட்டி உதிராமல் முழுசாக வரும். அதற்கு முன்னால் நட்டால் முதல் ஓதமே கொண்டுபோய்விடும்.

உப்புக்குப் பழக்குவது கடைசி ஐந்தாறு வாரத்தில்தான். 1 பங்கு கடல்நீர், 6 பங்கு நல்ல தண்ணீர் என்றால் லிட்டருக்கு 5 கிராம். அடுத்த வாரம் 2க்கு 5, அதாவது 10 கிராம். பிறகு 3க்கு 4, பிறகு 4க்கு 3. இப்படி வாரம் 5 கிராமாக ஏற்றி, நடப்போகும் மண்ணின் ஊற்றுநீர் அளவில் நிறுத்துங்கள். இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, தொட்டி நிற்கும் நீர் ஆவியாகிக் குறைந்ததும் மறுபடி உப்புநீரையே ஊற்றுவது. ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயே இருக்கிறது. குறைந்ததை நல்ல தண்ணீரால் ஈடுகட்டி, வாரம் ஒரு முறை முழு நீரையும் மாற்றுங்கள். கடல்நீர் கிடைக்கவில்லை என்று வெறும் சமையல் உப்பைக் கரைப்பதும் நல்லதல்ல. கடல்நீரில் உள்ள கால்சியம் செடியை ஓரளவு காக்கிறது. அது இல்லாத சோடியம் குளோரைடு அதே அளவில் கூடுதலாகச் சுடும்.

கழிக்கரை

மிக்க நன்றி. குழி எடுத்து அளந்துவிட்டோம். மேல் பட்டையில் லிட்டருக்கு 48 கிராம், நடுவில் 27, கீழே 24. வேரும் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. நடுப் பட்டையில் துருநிறம் தெரிகிறது, கீழே ஒன்றில்கூட இல்லை.

அப்படியானால் சரியான உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விலை உயர்ந்த கருவி எதுவும் கையில் இல்லை. குழியில் உரம் வைக்கலாமா என்பதும் கேள்வி.

ஓதக்கோடு

உயரத்தைக் கணக்குப் போட்டுத் தேட வேண்டாம், பக்கத்தில் இயற்கையாக நிற்கும் இதே கோரையைக் கேளுங்கள். அதே கழிமுகத்தில், அதே அளவு அலை படும் ஒரு நல்ல கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழ் ஓரத்தில் ஒரு முளைக்குச்சி, மேல் ஓரத்தில் ஒரு முளைக்குச்சி அடியுங்கள். கொத்தனார் பிடிக்கும் தெளிந்த டியூப் லெவல் போதும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, அந்த இரண்டு உயரத்தையும் உங்கள் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். தூரம் அதிகமென்றால் இடைக்குச்சி அடித்துத் தாவித் தாவி வரலாம். திரும்பும்போதும் ஒரு முறை அளந்து, தொடங்கிய குச்சியில் எவ்வளவு பிசகு வருகிறது என்று பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் பிசகினால் மறுபடி பிடியுங்கள். தட்டையான சதுப்பில் 10 செ.மீ. உயரம் என்பது சாவுக்கும் பிழைப்புக்கும் உள்ள தூரம்.

குழாய் இழுக்க முடியாத தூரமென்றால் காற்றில்லாத ஒரு பௌர்ணமி ஏற்றத்தைப் பயன்படுத்துங்கள். நீர் உச்சத்தில் நிற்கும் அந்தச் சில நிமிடத்தில் இடத்துக்கு ஒருவராக இரண்டு இடத்திலும் நின்று குச்சியில் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் குறுகிய வாய்க்காலோ மதகோ இருந்தால் இது பொய் சொல்லும். உங்கள் இடத்தில் கரையை உடைத்த வாய் சின்னது என்றால் குழாய் முறைதான் சரி.

இந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் மட்டும் நடுங்கள். வெளியே இருப்பது ஜங்கஸின் இடம் இல்லை. கோட்டுக்குக் கீழே அந்தப் பகுதிக்குரிய ஓதப்புல்லோ சதுப்புமரமோ இருக்கட்டும். 48 கிராம் காட்டிய மேட்டில், சாறு பிடித்த இலை கொண்ட உவர்ப்பூண்டுகள் தானாக வரும், வரவிடுங்கள். கோட்டுக்குள்ளேயே தண்ணீர் தேங்கும் பள்ளம் இருந்தால், மண்வெட்டி அகலத்தில் 10 செ.மீ. ஆழத்துக்கு ஒரு கீற்று வெட்டி வாய்க்காலோடு சேர்த்துவிடுங்கள். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். பழைய கழிமுக மண்ணில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் இருந்தால், ஆழமாக வெட்டிக் காற்றுபட்டதும் கந்தக அமிலமாகும். வெட்டிப் போட்ட மண்ணில் வைக்கோல் மஞ்சளாகப் புள்ளி தெரிந்தால் அமிலம் ஏற்கெனவே வந்துவிட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி மண்ணில் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பாருங்கள். பொங்கிச் சூடாகி, அடங்கிய பிறகு பி.எச். 3க்குக் கீழே போனால் அந்த இடத்தைத் தோண்டாமல் ஈரமாகவே விட்டுவிடுவது நல்லது. பெராக்சைடின் பி.எச்.சை முன்கூட்டியே 5 அளவுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் அதன் புளிப்பே மண்ணின் புளிப்பு மாதிரி தெரியும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தோலில் பட்டால் வெந்துவிடும்.

எந்த நாளில் நடுவது என்பதும் முக்கியம். அமாவாசை அல்லது பௌர்ணமி ஓதம் இறங்கி முடிந்த உடனே நடவைத் தொடங்குங்கள். மண் அப்போதுதான் ஊறியிருக்கும். அஷ்டமியை ஒட்டி ஓதம் சிறுத்துவிடும், அடுத்த பெரிய ஓதத்துக்குள் வேர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். பருவம் என்றால், மழை பெய்து மண் உப்பு இறங்கி, இன்னும் வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும் காலம்.

குழி வேர்க்கட்டி அளவுக்கு இருந்தால் போதும், அகலமாக எடுத்தால் சேறு குழம்பிப் பிடிப்பு போய்விடும். வேர்க்கட்டியின் தலை நிலமட்டத்துக்கு 2 முதல் 3 செ.மீ. கீழே இருக்கட்டும். பக்கத்து மண்ணைக் குதிகாலால் அழுத்தி மூடுங்கள். பிறகு ஒரு தாளை மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள். தாள் அறுந்து கையோடு வர வேண்டும், செடி அசையக் கூடாது. செடி மேலே வந்தால் மறுபடி நடுங்கள். காற்றில் ஆடாதபடி தாளைக் கத்தரிப்பது சரிதான். ஆனால் வெட்டிய நுனி சாதாரண ஏற்றத்து நீருக்கு மேலே நிற்க வேண்டும். நீருக்குக் கீழே வெட்டினால் வேர் மூச்சுவிடும் குழாயை அடைத்த மாதிரி ஆகும்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2,000 சதுர மீட்டர் முழுவதும் 50 செ.மீ.க்கு ஒன்று என்றால் 8,000 நாற்று, 33 செ.மீ.க்கு ஒன்று என்றால் 18,000. ஆனால் கோட்டுக்கு உள்ளே வரும் பரப்பை அளந்த பிறகே கணக்குப் போடுங்கள், பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியம் இல்லை. சீராக வரிசை கட்டவும் தேவையில்லை. அலை அடிக்கும் ஓரத்திலும் கறுத்த சேற்றிலும் ஏழெட்டு நாற்றை 20 செ.மீ. நெருக்கத்தில் கும்பலாக வைத்து, கும்பலுக்குக் கும்பல் ஒன்றரை மீட்டர் விடுங்கள். பல வேர் சேர்ந்து கசியும் ஆக்சிஜன் அந்தச் சேற்றைச் சரிசெய்யும், அலையையும் கூட்டமாக எதிர்க்கும். பாதுகாப்பான நடுப்பகுதியில் 50 செ.மீ. தாராளம்.

நாற்றுமேடை

தூர் பிரிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் சீக்கிரம் ஆகாது. தூரை மண்ணோடு வெட்டி எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஐந்து முதல் எட்டு தாளும், மண்ணுக்குள் படுத்து ஓடும் கிடைத்தண்டின் வளரும் நுனி ஒன்றாவதும் இருக்கும்படி பிரிக்க வேண்டும். நுனி இல்லாத துண்டு பச்சையாக இரண்டு மாதம் நின்று ஏமாற்றிவிட்டுச் சாகும். பழைய தாள் காய்வது வழக்கம்தான், புதுத் தளிர் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். எடுக்கும் சதுப்பில் விழும் குழி ஆறப் பல காலம் பிடிக்கும், அதனால் ஒரே இடத்தில் அடுத்தடுத்துத் தோண்டாதீர்கள், அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தூரிலிருந்து நூறு துண்டு எடுத்தால் நூறும் ஒரே செடி என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ள ஜங்கஸ் ரோமேரியானஸில் சில செடி பெண்பூ மட்டுமே பூக்கும். அப்படி ஒரு தூரை மட்டும் பிரித்து ஒரு நிலத்தையே நிரப்பினால் விதை பிடிக்க மகரந்தம் எங்கிருந்து வரும்?

உரத்துக்கு என் பதில்: மெதுவாகக் கரையும் உருண்டை உரம் 5 முதல் 10 கிராம் வேருக்குக் கீழே வைக்கலாம்.

உவர்மண்

உரத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. வெளியிலிருந்து கொட்டிய வெறும் மணலில் நடுகிறீர்கள் என்றால் சரி. கழிமுகச் சேற்றில், அதுவும் ஊர்க்கழிவு நீர் கலக்கும் இடத்தில் தழைச்சத்துக்குப் பஞ்சமே இருக்காது. அங்கே உரம் வைத்தால் பாசிப்படலம் தழைத்து நாற்றின்மேல் போர்வையாகப் படுக்கும்.

இன்னொன்றும் பாருங்கள், இது உரத்தைவிட முக்கியம். உங்கள் விதை எந்தச் செடியிலிருந்து வந்தது? ஆஸ்திரேலியச் சதுப்புகளில் ஜங்கஸ் அக்யூட்டஸ் என்ற முட்கோரை வெளியிலிருந்து வந்து க்ரௌஸியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். காயை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அக்யூட்டஸின் காய் பருத்து, உருண்டு, பளபளப்பான பழுப்பாக, தன்னை மூடும் செதில்களைத் தாண்டிப் பாதிக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும். க்ரௌஸியின் காய் சிறியது, ஒல்லியானது, செதிலை அதிகம் தாண்டாது. தாள் நுனியும் சொல்லும்: அக்யூட்டஸ் ஊசி மாதிரி தோலைத் துளைக்கும், க்ரௌஸி குத்தும் ஆனால் வளைந்து கொடுக்கும். நாற்றாக இருக்கும்போது பிரித்தறிவது கடினம், அதனால் விதை எடுக்கும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

கழிக்கரை

விதைக்கதிர் மிச்சம் இருக்கிறது, காய் ஒல்லிதான். நிம்மதி. கடைசியாக ஒன்று: நடுப் பட்டை நான்கு மாதமாக அப்படியே நிற்கிறதே, அதையும் மாற்றி நட வேண்டுமா?

ஓதக்கோடு

தொடாதீர்கள். முதல் ஆண்டு இது மண்ணுக்குக் கீழேதான் வேலை செய்யும். செடிக்கு ஒரு சாண் தள்ளி, வாய்க்கால் பக்கமாக விரலைச் சேற்றில் விட்டுத் துழாவுங்கள். பென்சில் முனை மாதிரி கூராக, வெள்ளையாக ஒரு கிடைத்தண்டு தட்டுப்பட்டால் செடி நடக்கத் தொடங்கிவிட்டது. அதை ஒடிக்காமல் சேற்றை மூடிவிடுங்கள். நிலம் மூடுவதற்கு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டியிருக்கும். அதுவரை ஒவ்வொரு பெரிய ஓதத்துக்குப் பிறகும் போய், ஒதுங்கிக் கிடக்கும் பாசி, செத்தை, பிளாஸ்டிக் படலங்களை நாற்றின் மேலிருந்து இழுத்துப் போடுங்கள். இரண்டு வாரம் மூடிக் கிடந்தால் அடியில் இருப்பது வெளுத்து அழுகிவிடும். நாற்றுகளுக்கு நடுவே நடக்காமல் பலகை போட்டு நடங்கள். மிதித்த தடத்தில் நீர் தேங்கும், அங்கே உங்கள் கீழ்ப் பட்டைக்கு நடந்ததே மறுபடி நடக்கும்.